எங்கள் வீட்டில் யாருக்கும் வைக்காத பெயர்

தங்கைக்குப் பெண்பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் இரவு எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழுந்தது. வர்ஷிகா, வர்ணிகா, வன்யா, வாமிகா, விதுஷா, விஹானா. பிள்ளை ரோகிணி இரண்டாம் பாதம். ரோகிணிக்கு ஓ, வ, வி, வு என்று நாலு எழுத்து. இரண்டாம் பாதத்துக்கு 'வ' என்று கோயில் ஐயர் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு முன் பெயர் முடிவாக வேண்டும். கனடாவில் இருக்கிற மாமா தொடக்கம் கொழும்பு வெள்ளவத்தையில் கீழ்மாடி வீட்டு அன்ரி வரை எல்லோரும் வாக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரே ஒரு சொல் எழுதினேன்: வள்ளி.

எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பதற்கு நீலச் சரி அடையாளம் விழுந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. பத்து நிமிடம் கழித்து மாமா சிரிக்கிற முகம் ஒன்று போட்டார். பிறகு தங்கையின் குரல் பதிவு வந்தது, பின்னால் பிள்ளை அழுகிற சத்தத்தோடு: "அக்கா, பகிடியை விட்டிட்டு உருப்படியா ஒண்டு சொல்லுங்கோ."

நான் பகிடி விடவில்லை. எங்கள் அம்மம்மாவின் பெயர் வள்ளியம்மை. யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரி. தொண்டைமானாறு செல்வச்சந்நிதிக் கோயிலுக்கு நடந்து போய் வரக்கூடிய தூரத்தில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே செத்தும் போனவ. அந்தக் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். அங்கிருந்துதான் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார் கூட்டம் வெளிக்கிடும். அப்படி ஒரு ஊரில் பிறந்த பெண்ணுக்கு வள்ளி என்று பேர் வைக்க யாரும் பட்டியல் போட்டிருக்கமாட்டார்கள்.

அவவுக்குப் பிள்ளைகள் நாலு பேர், பேரப்பிள்ளைகள் பதினொரு பேர், பூட்டப்பிள்ளைகள் இப்போது எத்தனை என்று அம்மாவைக் கேட்டால் விரல் மடித்து எண்ணத் தொடங்குவா. இத்தனை பேரிலும் ஒருவருக்கும் அந்தப் பேர் இல்லை. அப்பப்பாவின் பேர், அம்மப்பாவின் பேர் எல்லாம் முன்பாதியோ பின்பாதியோ யாருக்காவது போயிருக்கிறது. அம்மம்மாவின் பேர் மட்டும் அவவோடு போய்விட்டது.

எங்கள் வீடு மட்டுமில்லை. பேப்பர் வாசிக்கிற பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை, அதிலும் மரண அறிவித்தல் பக்கம். வள்ளியம்மை, வள்ளிநாயகி, வள்ளிப்பிள்ளை எல்லோரும் இப்போது அந்தப் பக்கத்தில்தான் வசிக்கிறார்கள். 'காலஞ்சென்றவர்களான கந்தையா வள்ளியம்மை தம்பதியரின் அன்பு மகளும்' என்று இரண்டாம் வரியில் வருவார்கள். அல்லது தொண்ணூறு வயதில் தலைப்பிலேயே வருவார்கள். பிறந்தநாள் வாழ்த்து விளம்பரங்களில் நான் ஒரு வள்ளியைக்கூடக் கண்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால் அவளுடைய புருஷன் நன்றாகவே இருக்கிறான். கந்தையாவும் வேலுப்பிள்ளையும் வழக்கொழிந்தபோது முருகன் சட்டையை மாற்றிக்கொண்டான். குகன், சேந்தன், மயூரன், செந்தூரன், கார்த்திகன், சரவணன், கதிர் என்று வெள்ளவத்தையில் எந்த ரியூசன் வகுப்பிலும் நாலு முருகனாவது இருப்பான். தெய்வயானையும் தப்பிவிட்டாள், தேவசேனா என்ற பழைய வடமொழி உடுப்பைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டாள், அது இப்போது எடுப்பாகவும் இருக்கிறது. வள்ளிக்கு மாற்ற உடுப்பு இல்லை. அது தமிழில் மட்டும் கிடந்த பேர் என்று அப்போது நினைத்தேன். அது எவ்வளவு பிழை என்று பிறகுதான் தெரிந்தது.

*

வள்ளி என்றால் கொடி. வளை, வளையம், வளையல் எல்லாம் எந்த அடியிலிருந்து வந்தனவோ அதே 'வள்' என்பதிலிருந்து இதையும் சொல்வார்கள்: வளைந்து, சுற்றி, பற்றிப் படர்வது. கொடியின் பெயர் பிறகு அதன் கிழங்குக்குப் போனது. வள்ளிக்கிழங்கு.

கிழங்கின் பேரைப் பெண்ணுக்கு வைப்பதா என்று கேட்பவர்களுக்குக் கந்தபுராணம் நேரே பதில் சொல்கிறது. வேடர் தலைவன் நம்பிராஜன் காட்டில் போகும்போது, வேட்டுவப் பெண்கள் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழிக்குள் ஒரு பெண்குழந்தை கிடக்கிறது. அதனால் வள்ளி. மானின் வயிற்றில் பிறந்து மான் விட்டுவிட்டுப் போன குழந்தை. நட்சத்திரம் பார்க்கவில்லை, எண் கூட்டிப் பார்க்கவில்லை. கண்டெடுத்த இடமே பேராகிவிட்டது. ஒரு பேருக்கு இதைவிட நேர்மையான காரணம் எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு நடக்கும். ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர் பயன் சொல்லுவார். ஆறு காண்டமும் ஓடி, சூரனும் மாண்டு, தக்கன் யாகமும் அழிந்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசிப் படலமாக வருவது வள்ளியம்மை திருமணம். அன்றைக்குச் சனம் நிறையும் என்று அம்மா சொல்லுவா. யுத்த காண்டத்துக்கு வராத பெண்களெல்லாம் அன்றைக்கு வருவார்களாம். தினைப்புனத்துப் பரண், கவண், ஆலோலம் என்று குருவி கலைக்கிற குரல், கிழவன் வேடம் போட்டு வந்த முருகன், தேனும் தினைமாவும் தின்று அவனுக்கு விக்கல் எடுப்பது, கடைசியில் தமையன் பிள்ளையாரை யானையாகக் கூப்பிட்டு அவளை வெருட்டுவது. சூரனை வென்ற கடவுள் ஒரு பெண்ணை மடக்குவதற்கு இவ்வளவு பாடுபட்டான் என்பதில் அந்தப் பெண்களுக்கு ஒரு திருப்தி இருந்திருக்கும்.

கிழங்குக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். தமிழ்நாட்டில் சர்க்கரைவள்ளி என்பதை நாங்கள் வற்றாளை என்கிறோம். மரவள்ளி இரண்டு கரையிலும் மரவள்ளிதான். கப்பலேறி வந்த தென்னமெரிக்கச் செடிக்கு, மரம் மாதிரி நிற்கிற வள்ளி என்று எங்கள் ஆட்கள் பேர் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இராசவள்ளி. வெட்டினால் ஊதா, அவித்தால் இன்னும் கடும் ஊதா. தேங்காய்ப்பாலும் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் விட்டுக் கரண்டியால் மசித்துக் களியாகக் காய்ச்சினால், அந்த நிறத்தைப் பார்த்துக் கொழும்பிலே பிறந்த பிள்ளைகள் கலர் போட்டதா என்று கேட்கும். வெள்ளவத்தைச் சந்தையில் யாழ்ப்பாணத்திலிருந்து மூட்டை வருகிற காலத்தில் அம்மா மற்ற மரக்கறியைப் பார்க்கமாட்டா. கிழங்கின் மண்ணை நகத்தால் சுரண்டி நிறம் பார்த்துத்தான் வாங்குவா.

இராசவள்ளி என்று சொல்லும்போது ஒருவருக்கும் சிரிப்பு வருவதில்லை.

*

பேர் பழசு என்பது தங்கையின் முறைப்பாடு. எவ்வளவு பழசு என்று அவளுக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். நற்றிணையின் 82ஆம் பாட்டில் ஒரு காதலன் தன்னுடைய பெண்ணைப் பார்த்து, 'முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல' என்கிறான். முருகனோடு சேர்ந்து நடந்துபோன வள்ளியைப் போல உன் உருவம் கண்ணைக் கூச வைக்கிறது, என்னால் பார்க்க முடியவில்லை என்கிறான். சங்க காலத்திலே ஒரு பெடியன் தன் பெட்டையைப் புகழ்வதற்குத் தேடி எடுத்த பேர் அது. இன்றைக்கு எந்தப் பெடியனாவது 'நீ வள்ளி மாதிரி இருக்கிறாய்' என்று குறுஞ்செய்தி அனுப்பினால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பார்த்தேன்.

திருமுருகாற்றுப்படை முருகனின் ஆறு முகத்துக்கும் ஆறு வேலை கொடுக்கிறது. ஒன்று உலகத்துக்கு ஒளி தருகிறது, ஒன்று வேள்வியைக் காக்கிறது, ஒன்று போர் செய்கிறது. ஆறாவது முகத்துக்கு வேறு வேலையே இல்லை: 'குறவர் மடமகள் கொடிபோல் நுசுப்பின் மடவரல் வள்ளியொடு நகையமர்ந் தன்றே'. கொடி மாதிரி இடை உள்ள வள்ளியோடு சிரித்துக்கொண்டிருப்பது. வள்ளி என்றாலே கொடி, அவள் இடையும் கொடி. புலவருக்கும் அந்தச் சொல்லை விட்டுப் போக மனமில்லை போல. அருணகிரிநாதர் கதிர்காமத்துத் திருப்புகழ் ஒன்றில் அவளுடைய பேரைச் சொல்லாமலே 'இலகுசிலை வேடர் கொடி' என்கிறார். பேர் இல்லாமலே பேர் சொல்கிற இந்தக் கெட்டித்தனத்தை எங்கள் வீட்டிலும் ஒருவர் செய்திருக்கிறார். அது பிறகு.

கதிர்காமம் என்றதும் கொழும்பில் இருக்கிறவர்களுக்கு ஆடிவேல்தான் ஞாபகம் வரும். செட்டியார் தெருவிலிருந்து வேல் தேர் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்கு வருகிற நாள். தங்கை எட்டு மாத வயிற்றோடு வீதி ஓரம் கதிரையில் இருந்து தேர் பார்த்தாள். பக்கத்தில் ஒரு சிங்களக் குடும்பம், கையில் கரும்போடு. இந்த விழாவைத் தொடக்கிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வீடுகளில் வள்ளியம்மை ஆச்சி இல்லாத வீடு அபூர்வம். மீனாட்சி, உமையாள், வள்ளியம்மை என்று அங்கே பாட்டி பேரைப் பேத்திக்கு வைப்பது வழமை. அதனால் அந்தப் பேர் அவர்களிடம் இன்னும் புழங்குகிறது.

கதிர்காமத்தில் அவளுக்குத் தனிக்கோயில். ஆடி மாதப் பெரஹரா ஊர்வலம் ஒவ்வொரு இரவும் மகா தேவாலயத்திலிருந்து யானை மேல் புறப்பட்டுப் போவது அவளுடைய வாசலுக்குத்தான். தெய்வயானையின் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போவதில்லை. சட்டப்படி கட்டிய பெண்டாட்டி வீட்டில் இருக்க, மனுசன் இரவிரவாக வள்ளியிடம் போகிறார் என்று அம்மம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பா. சிங்களவர்களுக்கும் அவள் தெய்வம், 'வல்லி அம்மா' என்பார்கள். வேடர் குலத்தவர் அவளைத் தங்கள் வீட்டுப் பெண் என்று உரிமை கொண்டாடுகிறார்கள். இந்த நாட்டில் இத்தனை சாதி சனமும் உறவு கோருகிற பெண் வேறு யாராவது இருக்கிறாளா?

அந்த 'வல்லி'யில்தான் தங்கைக்கு இரண்டாவது முறைப்பாடு. "அக்கா, பிள்ளை நாளைக்குச் சிங்களப் பிள்ளையளோட படிக்கும். 'வல்' எண்டால் சிங்களத்தில என்ன எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும். வல் என்றால் காட்டு. வல் ஊரா காட்டுப் பன்றி, வல் அலியா காட்டு யானை. கொச்சையில் அதற்கு இன்னொரு பொருளும் இருக்கிறது, அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நன்றாக அறிந்து வைத்திருப்பார்கள். இது நியாயமான பயம்தான், நான் மறுக்கவில்லை. மூன்று மொழி உரசிக்கொள்கிற ஊரில் ஒரு பேரை மூன்று காதாலும் கேட்டுப் பார்த்துத்தான் வைக்கவேண்டும். ஆனால் காட்டில் கண்டெடுத்த பெண்ணின் பேருக்குள் காடு கேட்கிறது என்று முறைப்பாடு செய்வது எனக்குக் கொஞ்சம் பகிடியாகவும் இருந்தது.

*

உண்மையான காரணம் பழசும் இல்லை, சிங்களமும் இல்லை. அதைச் சொன்னது தங்கையின் கணவர்.

அவர் மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, கொழும்பில் கணக்காளராக இருக்கிறவர். அதிகம் பேசமாட்டார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சாமான்களை ஏற்றி இறக்குகிற நேரத்தில் லிஃப்டுக்குள் வைத்துச் சொன்னார்: "அக்கா, எங்க பாட்டி பேரும் வள்ளியம்மாதான். நீங்க அதப் போட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் என் அம்மம்மாவை மட்டும் நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன்.

"எனக்கு ஆசதான்," என்றார். "ஆனா இந்த ஊர்ல வள்ளின்னு சொன்னா என்ன நெனப்பாங்கன்னு தெரியும்ல?"

தெரியும். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்ற பெட்டையை வள்ளி என்று கூப்பிடுவார்கள். அவள் போய் வேறொருத்தி வந்தாள். அவளுடைய பேர் வேறு, ஆனால் அந்த வீட்டில் அவளும் வள்ளிதான். ஒரு தெய்வத்தின் பேரை வேலையின் பேராக்கி வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்து வீடுகளில் வள்ளியம்மை என்ற பேர் சத்தம் போடாமல் மறைந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். 'தோட்டத்துப் பேர்' என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். 'இந்தக் காலத்துக்குப் பொருந்தாது' என்பார்கள்.

அவருடைய பாட்டியின் கதையைத் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். தோட்டத்தில் 'பேர்' என்றால் பெயர் மட்டுமில்லை, ஒரு நாள் சம்பளமும் பேர்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, தோட்டம் கேட்கிற கிலோவைக் கொடுத்தால் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். "இன்னைக்கு அரப்பேர்தான் போட்டாங்கன்னு பாட்டி சொல்லும்போது, சின்னதுல நான், வள்ளியம்மாங்கிறதுல பாதிய எழுதிட்டாங்க போலன்னு நெனச்சிருக்கேன்," என்றார். வள்ளி என்று எழுதிவிட்டு அம்மாவை விட்டுவிட்டார்கள் என்று.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். பாட்டியின் அக்காவும் தம்பியும் கப்பலேறினார்கள், பாட்டி நின்றுவிட்டா. 2003இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அவவுக்கு ஒழுங்கான கடதாசி கிடைத்தது. வயது போன பிறகு கையில் வந்த அடையாள அட்டையில் பேர் 'வல்லியம்மா' என்று இருந்தது. எந்தக் கந்தோரில் யார் எழுதினார்களோ, திருத்தப் போகலாம் என்று பேரன் சொன்னபோது கிழவி வேண்டாம் என்றுவிட்டாவாம். "இத்தன வருசத்துக்கப்புறம் ஒரு எழுத்துக்கு யாரு அலையிறது" என்றாவாம்.

ஒரே கப்பல் காலம் எத்தனையோ திசைக்கு இந்தப் பேரைக் கொண்டு போயிருக்கிறது. தென்னாபிரிக்காவில் 1898இல் பிறந்து, காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பெப்ரவரியில் செத்துப்போன தில்லையாடி வள்ளியம்மைக்குப் பதினாறு வயது. அந்தப் பேரைக் கேட்டால் இந்தியாவில் எழுந்து நிற்பார்கள். கொழும்பில் அதே பேர் குசினிப் பக்கம் பார்க்கிறது.

*

இனி அம்மா.

அம்மாவின் பேர் புஷ்பலதா. 1955இல் பிறந்தவ. சின்னம்மாவின் பேர் பூங்கொடி, 1961. இந்த இரண்டு பேரையும் பிறந்தது தொடக்கம் கேட்டு வளர்ந்தவள் நான். வள்ளிக்கு வக்காலத்து வாங்குவதற்காக ஒரு நாள் இரவு அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது லதா என்ற சொல்லில் வந்து நின்றேன். லதா: கொடி. புஷ்பலதா: பூங்கொடி. இரண்டு சகோதரிகளுக்கும் ஒரே பேர், ஒன்று வடமொழியில், ஒன்று தமிழில். அப்புறம்தான் உறைத்தது. வள்ளியும் கொடிதானே.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

அம்மப்பா கொழும்பில் அரசாங்கக் கிளறிக்கல் உத்தியோகத்தர். வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில் நாலைந்து பேரோடு இருந்து, மாதத்தில் ஒரு தரம் ரெயிலேறி ஊருக்குப் போய் வந்தவர். அந்தக் காலத்து உத்தியோகத்தர் எல்லோருக்கும் அதுதான் சீவியம். போர்டிங்கில் ஒரு ரேடியோ இருந்ததாம். 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்த, இந்தியா முழுக்க ரேடியோ சிலோனைத் திருப்பி வைத்துக் கேட்ட காலம். பினாக்கா கீத்மாலா என்ற ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி கொழும்பிலிருந்துதான் போனது. லதா மங்கேஷ்கரின் குரல் எங்கள் ரொறிங்டன் சதுக்கத்து வானொலி நிலையத்திலிருந்து கடல் தாண்டியது. ஹிந்தியில் ஒரு சொல்லும் விளங்காத அம்மப்பாவும் கேட்டிருக்கிறார். அந்த லதாவுக்குப் பிறந்தபோது வைத்த பேர் ஹேமா. லதா பிறகு வந்தது. ஐம்பது, அறுபதுகளில் பிறந்த ஹேமலதா, ஸ்ரீலதா, சொர்ணலதா, புஷ்பலதா எல்லோரையும் எடுத்தால், அதில் பாதிப்பேருக்காவது ரேடியோதான் பேர் வைத்திருக்கும் என்பேன். சிங்களத்திலும் லதாக்கள் நிறைந்தார்கள். கொடி என்பதற்கு இந்தச் சத்தம் மூன்று காதிலும் நன்றாக விழுந்தது.

1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. உத்தியோகம் பார்க்கிற தமிழனுக்கு அது நேரே வயிற்றில் விழுந்த அடி. 1961இல் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்கக் கந்தோர்களுக்கு முன்னால் சத்தியாக்கிரகம். அந்த ஆண்டில் பிறந்த பெண்ணுக்கு வடமொழி வேண்டாம், தமிழில்தான் வைக்கவேண்டும் என்று அம்மப்பா நின்றாராம். பூங்கொடி. அரசியலும் ரேடியோவும் மாறி மாறி அடித்தாலும், மனுசன் பிடித்த கொடியை விடவில்லை.

விடிந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "அம்மப்பா தெரிஞ்சோ உங்கள் ரெண்டு பேருக்கும் அம்மம்மான்ர பேரை வைச்சவர்?"

அம்மா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "உனக்கு விசரே? அந்த மனுசன் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதை நான் ஒரு நாளும் கேட்கேல்லை. 'இஞ்சாரும்' எண்டுவார். இல்லாட்டி இருமுவார்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "மணியோடரிலதான் எழுதுவார்," என்றா.

மாதா மாதம் கொழும்பிலிருந்து மணியோடர் வரும். தபால்காரர் படலையில் நின்று பேரை உரத்து வாசிப்பார், அம்மம்மா கைநாட்டு வைப்பதில்லை, கையெழுத்துப் போடுவா. மணியோடர்த் துண்டில் பெறுநர் பேர் இல்லாமல் காசு அனுப்ப முடியாது. அதனால் அந்த மனுசன் ஒவ்வொரு மாதமும் ஒரு தரம் வள்ளியம்மை என்று தன் கையால் எழுதியிருக்கிறார். துண்டுகளை அம்மம்மா ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் அடுக்கி வைத்திருந்தாவாம். இடப்பெயர்வில் தகரமும் போய்விட்டது. அதற்குள் என்ன இருந்தது என்று கேட்டால் 'கணக்கு' என்பாவாம்.

அவர் தெரிந்து வைத்தாரா, தெரியாமல் வைத்தாரா என்று நான் முடிவு சொல்லப் போவதில்லை. அம்மா அன்றைக்கு முழுக்க என்னோடு அதிகம் கதைக்கவில்லை. பின்னேரம் சின்னம்மாவுக்கு லண்டனுக்கு எடுத்து நெடுநேரம் கதைத்தா. கதவு சாத்தியிருந்தது.

*

பேர் வன்யா என்று முடிவானது. முப்பத்தோராம் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, கனடா மாமாவின் ஒரு வாக்கால் வர்ணிகா தோற்றது. எண் கூட்டிப் பார்த்தார்கள், நல்ல எண். உச்சரிக்க லேசு, சிங்களத்தில் கெட்ட பொருள் இல்லை, ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து. எல்லோருக்கும் சந்தோசம். பேரின் பொருள் என்ன என்று அன்ரி கேட்டா. "இயற்கை மாதிரி ஏதோ எண்டு போட்டிருந்தது," என்றாள் தங்கை.

எனக்கு வாய் துடித்தது. வன்யா என்றால் வனத்துக்குரியவள், காட்டில் விளைந்தது. சிங்களத்துக் காட்டுக்குப் பயந்து ஓடிப்போய் வடமொழிக் காட்டுக்குள் ஏறியிருக்கிறாள் என் தங்கை. வல்லுக்கும் வன்யாவுக்கும் நடுவில் இருக்கிறது அதே மான், அதே குழி, அதே தினைப்புனம். பச்சை உடம்புக்காரியிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நான் அடக்கிக்கொண்டேன். மூன்று நாள் அடக்கினேன். நாலாம் நாள், பிள்ளைக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கும்போது, அகராதி, மணியோடர், லதா, காடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

தங்கை பிள்ளையின் காலை நீவிக்கொண்டே கேட்டாள். இடையில் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், "அப்ப அம்மாவின்ர பேரும் அதுதானோ?" என்றாள். பிறகு, "சின்னம்மாவுக்குத் தெரியுமோ?" என்றாள். பிறகு பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பதிவு வைக்கிற நாள் நானும் கூடப் போனேன். தங்கையின் கணவர் படிவத்தைத் தமிழில் நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளையின் பேர் என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் இரண்டு சொல் இருந்தது: வன்யா வள்ளி. நான் தங்கையைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பதிவாளர் கந்தோரில் இருந்த பெண்மணி கண்ணாடியைத் தூக்கிவிட்டு, படிவத்தைத் தள்ளிப் பிடித்து வாசித்தா. "ரெண்டாவது பேர், வல்லியா? வள்ளியா? எந்த ல?"

எப்போதும் மெல்லக் கதைக்கிற மனுசன், வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார்: "பள்ளிக்கூடத்துக்கு வர்ற ள்ளி. வல்லி இல்லீங்க. பள்ளிக்கூடத்து ள்ளி."

அவ எழுதினா. எழுதியதைத் திருப்பிக் காட்டச் சொல்லி, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"சரி, வன்யாவுக்கு எந்த ன?" என்று கேட்டா பதிவாளர். "ரெண்டு சுழியா, மூண்டு சுழியா?"

அதற்கு நாங்கள் ஒருவரும் ஆயத்தமாக வந்திருக்கவில்லை.